இரண்டு தரம் அடித்தால் வா

போன வாரம் உன் கல்லறைக்குப் போயிருந்தேன். முதல் வருஷத் திருப்பலி முடிந்ததும் பிரான்சிலிருந்து வந்திருந்த உன் மகள் மெழுகுவத்திகளைக் கல்லின் மேல் வரிசையாக ஏற்றி வைத்தாள். சித்திரை வெயிலில் அவை பாதி எரிவதற்கு முன்பே குழைந்து சாய்ந்தன. அந்த வாசனை வந்தது பார், உருகிய மெழுகும் கருகிய திரியும் கலந்த வாசனை. சுற்றி நின்றவர்கள் உன்னை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் சைக்கிள் செயினை நினைத்துக்கொண்டு நின்றேன்.

யாரிடம் சொன்னால் புரியும்? மெழுகு வாசனையில் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கோ உன் பாய்மரப் படகின் குட்டி அடுப்பும், அதன்மேல் நசுங்கிய டப்பாவும், டப்பாவுக்குள் உருகிய மெழுகில் முங்கிக் கிடக்கும் செயினும்தான். மாதா சிலை வைத்த கெபியில் எரிந்து மீந்த துண்டு மெழுகுகளைக் கேட்டு வாங்கிப் பை நிறையக் கொண்டு வருவாய். “உப்புக் காத்துல எண்ணெய் நிக்காது மச்சான். மெழுகுதான் நிக்கும். அதுவும் இது ஊர்சனம் வேண்டிக்கிட்டு ஏத்தின மெழுகு. துரு கிட்ட வருமா சொல்லு?” என்பாய். துரு வந்ததா என்றால், வரத்தான் வந்தது. ஆனால் மற்றதைவிட மெதுவாக வந்தது.

பாண்டியில், பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். உன் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால், நீ மீசை முளைத்ததும் பிரான்சுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தாய். நான் முதலியார்பேட்டையில் எலக்ட்ரிக் சாமான் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ பென்ஷன் வாங்கிக்கொண்டு, ஊரார் சொல்தா என்கிற பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரனாகத் திரும்பி வந்தபோது உன் மனைவி உயிரோடு இல்லை, மகள் பிரான்சிலேயே தங்கிவிட்டாள். ஊரில் மற்ற சொல்தாக்கள் எல்லாம் மாடி மேல் மாடி கட்டினார்கள். நீ கொச்சிக்குப் போய் யாரோ ஒரு வெள்ளைக்காரன் விற்கப் போட்டிருந்த படகை வாங்கி வந்து தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிறுத்தினாய். பார்க்கக் கூப்பிட்டாய். கெட்ட நேரம், நானும் வந்தேன்.

உள்ளே இறங்கினால் எனக்குப் படுக்க விட்டிருந்த இடத்தில் மடக்குச் சைக்கிள் ஒன்று போர்வை போர்த்திப் படுத்திருந்தது. எதிர்ப்பக்கம் இன்னொன்று.

“என்னடா இது? மனுஷன் எங்க படுக்கிறது?”

“நீ இது பக்கத்துல ஒட்டினாப்ல படுத்துக்க. அது ஒண்ணும் குறட்டை விடாது.”

“படகுல எதுக்குடா சைக்கிள்? கரையில ஆட்டோ இல்லையா?”

“கடல்ல காத்து நம்மள தள்ளும். கரையில நாமதான மிதிக்கணும்? போற ஊர்ல எல்லாம் ஆட்டோக்காரன் உனக்காகக் கடலோரம் வந்து நிப்பானா?”

எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மன்னிக்கவே இல்லை. ஆனாலும் வந்தேன். மாதத்தில் ஒரு தடவையாவது கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, லைஃப் ஜாக்கெட்டைப் படகில் ஏறுமுன்பே மாட்டிக்கொண்டு, உன்னோடு கடலூர் வரைக்கும், பரங்கிப்பேட்டை வரைக்கும், காரைக்கால் வரைக்கும் வந்தேன். உன்னைத் தவிர வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

சைக்கிளைப் படகிலிருந்து கரைக்குக் கொண்டுபோவது ஒரு பெரிய கல்யாண வேலை. பெடல்களுக்கும் பல்சக்கரத்துக்கும் பழைய கைலியைச் சுற்றிக் கட்ட வேண்டும், இல்லையென்றால் நம்மைக் கரைக்குக் கொண்டுபோகிற காற்றடைத்த ரப்பர் படகைக் குத்திவிடும். அப்புறம் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். மேலே நின்று நீ விடுவாய், கீழே ஆடுகிற ரப்பர் படகில் உட்கார்ந்து நான் வாங்குவேன். வாங்கும்போதெல்லாம் மடியில் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் ஏந்துவேன். கரை சேர்ந்ததும் விரித்து, காற்றடித்து, ஏறி மிதிப்போம். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருக்கும்.

பரங்கிப்பேட்டையில் அந்த டீக்கடை ஞாபகம் இருக்கிறதா? மத்தியான வெயிலில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கடற்கரைப் பக்கமிருந்து இரண்டு கிழவர்கள் சத்தமே இல்லாமல் குட்டிச் சைக்கிளில் வந்து இறங்கினால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? “எங்கேர்ந்து வர்றீங்க?” என்றார் டீக்கடைக்காரர். “பாண்டி” என்றாய். “சைக்கிள்லயா?” “இல்ல, கடல்லேர்ந்து.” மனிதர் மெதுவாகக் குனிந்து, நமக்குக் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

காரைக்காலில்தான் உன் சைக்கிள் தண்ணீரில் விழுந்தது. என் கை தவறவில்லை, உன் முடிச்சு அவிழ்ந்தது. இதை நீ கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பிடிக்கப் பாய்ந்ததில் உன் செல்போனும் சட்டைப்பையிலிருந்து குதித்துவிட்டது. ஒரு மீனவர் முங்கிச் சைக்கிளை எடுத்துத் தந்தார், போன் போனதுதான். அன்றிலிருந்து நீ வேறு போன் வாங்கவில்லை. சைக்கிள் மணியும் அன்றிலிருந்து பழையபடி அடிக்கவில்லை. ‘டிங்’ என்று தொடங்கி, தொண்டை கட்டினவன் மாதிரி ‘கர்ர்’ என்று முடியும். ஊரில் ஆயிரம் சைக்கிள் மணி அடித்தாலும் உன் மணி தனியாகத் தெரியும்.

போன் இல்லாத உனக்கு அந்த மணிதான் போன். நான் படகில் காத்திருப்பேன். நீ கரையிலிருந்து திரும்பும்போது, முகத்துவாரத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறார்களே, அந்தக் கல் மேட்டின் நுனிக்கு வந்து நின்று அடிப்பாய். இரண்டு தரம் அடித்தால் ‘வா, வந்து ஏத்திக்க’. மூன்று தரம் அடித்தால் ‘வராதே, இருக்கிற இடத்துல இரு’. அலை சரியில்லை என்றாலோ, நீயே மீன்காரப் படகு ஒன்றில் தொற்றி வந்துவிடுவாய் என்றாலோ மூன்று அடிப்பாய். நீச்சல் தெரியாதவனுக்காக நீயே யோசித்துச் செய்த ஏற்பாடு அது. காலிங் பெல் விற்கிற கடைக்காரனையே மணிக்கு ஆட வைத்துவிட்டாய் என்று நான் முனகுவேன்.

போன சித்திரையில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. ஆழம் போதாமல் படகை வெளியே கடலிலேயே நங்கூரம் போட்டிருந்தோம். காலையில் உன்னையும் உன் சைக்கிளையும் ரப்பர் படகில் கொண்டுபோய் விட்டேன். பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காயும் வாழையிலையும் வாங்கி வருவதாகத் திட்டம். “மீனும் வாங்கிக்க. கடல்லயே கெடந்து மார்க்கெட்ல மீன் வாங்குற ஆளுங்க நாமதான்” என்றேன். “ரெண்டு அடிச்சதும் வந்துடு, தூங்கிடாத” என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

வெயில் உச்சிக்கு ஏறியும் உன்னைக் காணவில்லை. எனக்குப் பசி, கோபம் வேறு. உச்சிப்பொழுதில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்காதே என்று என் அம்மா சொல்வாள். அன்றைக்கு அது ஏன் என்று எனக்குத் தெரிந்தது. கடல் ஒரு சத்தமும் இல்லாமல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. மணி வரட்டும் என்று இருந்தவன் பொறுக்க முடியாமல், நானே போய்ப் பார்க்கலாம் என்று ரப்பர் படகை இழுத்து ஒரு காலை உள்ளே வைத்தேன்.

அப்போதுதான் கேட்டது. டிங்-கர்ர். டிங்-கர்ர். டிங்-கர்ர்.

மூன்று. வராதே என்கிறாய். கல் மேட்டைப் பார்த்தேன், நுனியில் யாரும் இல்லை. வெயில் கூசியதில் எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, உன்னைத் திட்டியபடி காலைத் திரும்ப எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் படகு தூக்கிப் போட்டது. காற்றே இல்லாமல் தெற்கேயிருந்து உருண்டு வந்த அலைகள் முகத்துவாரத்தில் சுவர் சுவராக எழுந்து உடைந்தன. உள்ளே நுழையப் பார்த்த ஒரு ஃபைபர் படகு என் கண் முன்னால் கவிழ்ந்தது. அதிலிருந்தவர்கள் நீந்தத் தெரிந்தவர்கள், அடிபட்டாலும் கல்லைப் பற்றி ஏறிவிட்டார்கள். என் ஜாக்கெட் என்னை மிதக்க வைத்திருக்கும். அந்தக் கல்லில் மோதவிடாமல் தடுத்திருக்காது.

அலை அடங்கியதும் ஒரு மீனவர் படகெடுத்து வந்தார். “சைக்கிள் சொல்தாவோட கூட்டாளி நீங்கதான?” என்றார். பெரிய மார்க்கெட்டில், வெயில் ஏறுவதற்கு முன்பே, கையில் இலைக் கட்டோடு நீ சரிந்து விழுந்துவிட்டாய் என்றார். மூட்டை தூக்குகிறவர்கள் உன்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாயாம்.

“இருக்காது. இப்பதான் மணி அடிச்சான்” என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தந்த பையில் உன் சட்டை இருந்தது, சட்டைப்பையில் சைக்கிள் பூட்டுச் சாவி இருந்தது. மார்க்கெட்டில் தூணோடு சேர்த்துப் பூட்டிய சைக்கிள் அப்படியே நின்றது. பக்கத்தில் பூக்கட்டும் அம்மாள் சொன்னாள்: “நேத்து காத்தாலேர்ந்து இங்கதான் நிக்குதுங்க. யாரும் கை வெக்கல, நான்தான் பாத்துக்கினு இருந்தேன்.” சைக்கிள் நடுவில் எங்கேயும் போகவில்லையா என்று நான் அவளிடம் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் அவள் பயந்துபோய் எனக்கு ஒரு முழம் பூவைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அந்தச் சைக்கிளை என் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். என் மனைவி கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டுக்கு வா, மூன்றுக்கு வராதே என்பது அவளுக்கும் அத்துப்படி ஆனது. “அண்ணன் உங்கள காப்பாத்திட்டுப் போயிருக்காரு. அதோட வுடுங்க. செத்தவங்க வண்டிய வீட்டுக்குள்ள வெக்காதீங்க” என்றாள். வெளியே எங்கே வைப்பது? மழையில் துருப்பிடித்துவிடும் என்று மாடிப்படிக்குக் கீழே வைத்தேன்.

அங்கே சும்மா இருந்ததா அது? ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரே ஒரு தரம் அடித்தது. பூனை தட்டியிருக்கும் என்றேன். பூனை எங்கே என்றாள் கலா. அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. நான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து மணியின் மூடியைக் கழற்றி, உள்ளே அடிக்கிற இரும்பு நாக்கைப் பிடுங்கி எடுத்துவிட்டு, வெறும் மூடியை மாட்டினேன். கரண்ட் இல்லாமல் பெல் அடிக்காது, நாக்கு இல்லாமல் மணி அடிக்காது. இது நான் பிழைப்பு நடத்துகிற தொழில். குப்பையில் போட மனசு வராமல் அந்த நாக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். துணி துவைக்கும்போதெல்லாம் கலா அதை எடுத்து மேசை மேல் வைப்பாள், நான் மறுபடி பையில் போட்டுக்கொள்வேன். ஒரு வருஷம் அது அங்கேயேதான் இருந்தது. மணியும் சும்மா இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது உன் மகள் சொன்னாள், படகு விற்றாகிவிட்டது. வாங்கினவர் சென்னைக்காரர், சின்ன வயசு. தெற்குக் காற்று எழும்பிவிட்டதால் இந்த வாரமே சென்னைக்குக் கொண்டுபோகிறார். படகின் குணம் தெரிந்த ஒரு ஆள் துணைக்கு வந்தால் நல்லது என்று என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். “நீங்க போனா அப்பாவே கூடப் போற மாதிரி இருக்கும், அங்கிள்” என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தது.

கலா ஒத்துக்கொள்ளவே இல்லை. “நீங்க இன்னா பெரிய மாலுமியா? அவரு இருந்தாரு, புடிச்சுக்கினு போனீங்க. இப்ப யாரு இருக்கா உங்களுக்கு?” அவள் சொன்னது நியாயம்தான். நீ இல்லாத படகில் நான் யார்? மூன்று தரம் அடித்து என்னைத் தடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? போகவில்லை என்று முடிவு செய்து போனைக் கையில் எடுத்தேன். உச்சி வெயில் நேரம். தெருவில் சத்தமே இல்லை.

டிங்-கர்ர்.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். நாக்கு பையில்தான் இருந்தது.

டிங்-கர்ர்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கலா ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்றாள். இரண்டு பேரும் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு மூன்றாவதுக்காகக் காத்திருந்தோம். மச்சான், என் வாழ்க்கையில் ஒரு சத்தத்துக்காக அப்படி வேண்டிக்கொண்டதில்லை. அடிடா, இன்னொரு தரம் அடி, ‘வராதே’ன்னு சொல்லு என்று வாய்விட்டே சொன்னேன். நீ அடிக்கவில்லை.

“ரெண்டுதான” என்றாள் கலா.

“கூப்பிடறான்” என்றேன். எங்கே கூப்பிடுகிறாய் என்பதுதான் என் பயம். செத்தவன் ‘வா’ என்றால் வேறு என்ன அர்த்தம்?

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: “ரெண்டு அடிச்சா இன்னா அர்த்தம்னு நீங்கதான சொன்னீங்க? கரையில நிக்கிறவரு, வந்து ஏத்திக்கன்னு சொல்றது. அவரு உங்கள அங்க கூப்புடல. படகு கெளம்புது, அவரு இங்க மாடிப்படி கீழ மாட்டிக்கினு நிக்கிறாரு.”

ஒரு வருஷமாக நீ இந்த வீட்டில் நின்றுகொண்டா இருந்தாய்? நான் மணியின் நாக்கைப் பிடுங்கியபோதும் பார்த்துக்கொண்டா இருந்தாய்?

“கொண்டு போயி வுட்டுட்டு வாங்க. வர்றப்ப பஸ்ல வந்துருங்க. தனியா வாங்க” என்றாள் கலா.

கல்லறையில் மீந்த மெழுகை உன் மகள் ஒரு பையில் போட்டுத் தந்திருந்தாள். அதை உருக்கி உன் செயினை அதில் போட்டு எடுத்தேன். வீடெல்லாம் அந்த வாசனை. கலா ஜன்னலைத் திறக்கவில்லை. பெடலுக்குப் பழைய கைலியைச் சுற்றிக் கட்டினேன். இன்றைக்கு மத்தியானம் துறைக்குக் கொண்டுபோனேன். சென்னைக்காரர் ரப்பர் படகோடு காத்திருந்தார். சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார். “போட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே அங்கிள்” என்றார். அது என்னுடையது, இது என் கூட்டாளியுடையது, ஆளுக்கு ஒன்று என்றேன்.

நான் வழக்கமாக உட்காருகிற பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுவில் உட்காரச் சொன்னார், பாரம் சமமாக இருக்குமாம். எனக்கு நகர மனம் வரவில்லை. எதிரே நீ உட்காருகிற இடத்தை விட்டுவிட்டு, சைக்கிளைக் காலடியில் கிடத்தினேன். படகு என் பக்கம் சாய வேண்டும் இல்லையா? சாயவில்லை. நீ இருந்தபோது எப்படி நேராகப் போகுமோ அப்படியே போனது. எதிர்ப்பக்க ரப்பர் நன்றாக அழுந்தியிருந்தது, தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது. சென்னைக்காரர் துடுப்பு போட்டுப் போட்டு வேர்த்துவிட்டார். “என்ன அங்கிள், இவ்ளோ வெயிட்டா இருக்கு?” என்று கேட்டார். இரண்டு பேருமே கிழவர்கள், கொஞ்சம் பருமன்தான் என்று சொல்ல வந்து விழுங்கிக்கொண்டேன்.

இதைப் படகில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் சைக்கிள் அதன் இடத்தில், போர்வை போர்த்திப் படுத்திருக்கிறது. காலையில் நங்கூரத்தை எடுத்துவிடுவோம். மேலே அந்தப் பையன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருக்கிறான். கீழே மெழுகு வாசனை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருக்கிறது, இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். உன்னோடு இன்னொரு தடவை கடலில் போகக் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

சென்னை வந்ததும் நான் இறங்கிவிடுவேன். நீ இரு. சைக்கிளை விற்கக் கூடாது, வெளியே கட்டக் கூடாது, மெழுகு தடவ வேண்டும் என்று பையனிடம் சொல்லிவிட்டேன். பைத்தியக்காரக் கிழவன் என்று நினைத்திருப்பான், நினைத்துக்கொள்ளட்டும்.

மணியின் நாக்கை மட்டும் தரமாட்டேன். அது என் சட்டைப்பையிலேயே இருக்கும். அது இல்லாமலும் உன்னால் அடிக்க முடியும் என்று தெரியும், இருந்தாலும் அது என்னிடமே இருக்கட்டும். நான் ஊருக்குத் திரும்பினதும், என்றைக்காவது மத்தியானம் கடல் பக்கமிருந்து இரண்டு தரம் அடித்துவிடாதே. கலாவிடம் நான் தனியாக வருவதாகச் சொல்லியிருக்கிறேன். நீ கூப்பிட்டால் வந்துவிடுவேன், என்னால் வராமல் இருக்க முடியாது. எனக்கு நீச்சல் தெரியாது, மச்சான்.